வெட்டிய பாட்டு

"பழைய சாமான் எடுக்குற ஆக்கிரிக்கடையில போட்டியா? யாரைக் கேட்டுடி போட்ட?"

மாமியார் ராமுத்தாய் கத்தியதில், கல்யாணமாகி மூன்றே மாதமான மோனிஷா மிரண்டுபோனாள்.

"பழைய புளூரே டிஸ்க்தானே அத்தை? எல்லாப் படமும் இப்ப போன்லயே வருது. மாசாமாசம் பணம் கட்டுறோம்ல?"

"அப்ப எனக்கு அந்த டிஸ்க்ல இருந்த படத்தைப் போடு. இப்பவே!"

"அந்த ஹீரோவுக்குப் பேரனே பொறந்தாச்சு அத்தை. இன்னுமா ஆசை?"

"வாயை மூடிட்டுப் போடுடி!"

மோனிஷா தேடினாள். படம் இருந்தது. "பாத்தீங்களா? இதுக்குப் போய் டிஸ்க் வாங்கி அடுக்கணுமா?"

ராமுத்தாய் போனையே முறைத்தாள். முதல் பாட்டு முடிந்தது. அடுத்தது ஏலத்தோட்டத்தில் எடுத்த பாட்டு. அது வரவில்லை, நேராகச் சண்டைக் காட்சி வந்தது.

"பாட்டு எங்கடி?"

"நீளம்னு வெட்டியிருப்பாங்க. ஒரு பாட்டுக்கா அத்தை இவ்வளவு கோபம்?"

ராமுத்தாய் போனைப் பிடுங்கிக் கட்டிலில் எறிந்தாள்.

"அந்த ஆளு ஆடுறதே நம்ம வீட்டு வாசல்லடி! இருபது வருஷத்துக்கு முன்னாடி. இது நேத்து கட்டுன வீடுன்னு பொய் சொல்லி, இடிக்கணும்னு எஸ்டேட்காரன் கேஸ் போட்டிருக்கான். வரி ரசீதெல்லாம் மழையில போச்சு. நாளைக்குத் தாலுகா ஆபீசில காட்ட அந்த டிஸ்க் ஒண்ணுதான் இருந்துச்சு."

"என்கிட்ட ஏன் அத்தை சொல்லல?"

"வந்த புதுசுல நீ பயந்துருவேன்னு சொல்லல!"

ராமுத்தாய் செருப்பை மாட்டினாள். "ஆறு மணிக்கு ஆக்கிரிக்காரன் கடையை அடைச்சிருவான். நான் நடந்தே போறேன். நீ உக்காந்து மிச்சப் படத்தைப் பாரு."

மோனிஷா ஸ்கூட்டர் சாவியோடு ஓடி வருவதற்குள் அவள் பாதிச் சரிவு இறங்கியிருந்தாள்.