சீட்டு சாயுமா?

சந்தையில் மூட்டை தூக்குகிறவர் அந்தப் பழைய சின்னக் காரை மனைவியோடு இரண்டு சுற்று சுற்றிவந்தார். நாளைக்கு மகனுக்குக் கல்யாணம், இன்றைக்கே கார் வாங்கியாக வேண்டும் என்று புரோக்கரிடம் வந்ததுமே சொல்லியிருந்தார்.

“மழை பேஞ்சா உள்ள ஒழுகுமா தம்பி?”

“சொட்டு ஒழுகாதுண்ணே.”

“சீட்டு எம்புட்டுச் சாயும்?”

“நல்லாச் சாயும். பொண்ணு மாப்பிள்ளை சொகுசாப் போலாம்.”

அந்தம்மா பின்சீட்டில் ஏறிக் கால் நீட்டிப் பார்த்துவிட்டு, “தேவலாம்” என்றார்.

புரோக்கருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “என்ஜினைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலியேண்ணே?”

“அது எதுக்குப்பா? வீட்ல இருக்கறது ஒத்த ரூம்பு. அதை மகனுக்கும் மருமகளுக்கும் விட்டாச்சு. எங்களுக்குப் படுக்க இடம் வேணாமா?”

பின்சீட்டிலிருந்து குரல் வந்தது. “யோவ், முன்சீட்டு உனக்கு. குறட்டை விட்டே, எறக்கி விட்ருவேன்.”