மூன்றாவது பாட்டு

எங்கள் குழுவின் முதல் ஆல்பம் அது. கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் நாட்டுப்புற இசையை டிரம்ஸோடு கலந்திருந்தோம். மூன்றாவது பாட்டு வந்தால் அரங்கமே எழுந்து ஆடும். பல்லவியில் வரும் ஒற்றை வார்த்தையைக் கூட்டமே சேர்ந்து கத்தும்.

உறையில் 'பாரம்பரியப் பாடல்' என்று போட்டிருந்தோம். உண்மையில் அது எதிர்வீட்டு அக்காவுடையது. பால்கன் பக்கத்திலிருந்து வந்து, தமிழும் பேசப் பழகி, தனியாக வசிப்பவர். ஒருநாள் வெங்காயம் நறுக்கிக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி அவர் பாடியதை, ஜன்னலுக்கு வெளியே நின்று போனில் பிடித்துவிட்டேன்.

மனசு உறுத்தியது. நேரில் போய்ச் சொல்லிவிட்டேன்.

"போடு தம்பி, கேக்கலாம்."

மேடையில் பதிவு செய்ததைப் போனில் போட்டு அவர் கையில் கொடுத்தேன். காதோடு வைத்து முடியும்வரை கேட்டார்.

"உங்க பாட்டைக் கேக்காம எடுத்துட்டேன்க்கா. தப்புதான்."

"பாட்டு இல்ல தம்பி. செத்தவங்களை நெனச்சு எங்க ஊர்ல அப்படித்தான் அழுவோம்."

"அப்போ எல்லாரும் கத்துறாங்களே, அந்த வார்த்தை?"

"என் பையன் பேரு."

"ஆல்பத்தையே நிறுத்திடறேன்க்கா."

போனை வாங்க நான் நீட்டிய கையை அவர் தள்ளிவிட்டார்.

"வேணாம். இருபது வருஷமா அவனை நான் ஒருத்திதான் கூப்பிட்டுட்டு இருந்தேன்."