நானூற்றுப் பன்னிரண்டாம் நாள்

"அப்பாவைக் கேட்டுட்டேன்டி, சரின்னுட்டாரு. நீ ஸ்கூலை நிறுத்திக்கிறியா?"

மருத்துவமனை நடையில் வைத்து அக்கா என்னைக் கேட்ட கேள்வி அது.

அம்மா இல்லாத வீடு. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. உயிர்ப்புள்ளியியலும் தரவு அறிவியலும் சேர்ந்த முதுகலைப் படிப்பில் அக்காவுக்கு இடம் கிடைத்திருந்த வாரம். நான் பத்தாம் வகுப்பு. அப்பாவே சரி என்றுவிட்ட பிறகு நான் சொல்ல என்ன இருக்கிறது. அவரைப் பார்த்துக்கொள்ள வீட்டோடு நின்றுவிட்டேன்.

இன்று அவளுடைய ஆய்வேட்டுக்கு வாய்மொழித் தேர்வு. வீட்டாரும் வரலாம் என்றார்கள். கடைசி வரிசையில் அப்பாவும் நானும் உட்கார்ந்திருந்தோம். சட்டைக் கழுத்துப் பொத்தானைக்கூடப் போடச் சொல்லி அவர் எனக்குச் சைகை காட்டியிருந்தார்.

திரையில் புள்ளிகள். ஐந்நூற்று நாற்பது. ஒவ்வொரு புள்ளியும் அப்பாவின் ஒரு நாள்; அன்று அவர் எத்தனை சொல் பேசினார் என்பது.

எண்ணியவள் நான்.

யாரும் சொல்லிச் செய்யவில்லை. முதல் மாதங்களில் அவர் வாயில் வந்தது ஒரே சொல்தான்: சாவி. தண்ணீருக்கும் சாவி, மின்விசிறிக்கும் சாவி, கோபம் வந்தால் மூன்று சாவி. நோட்டின் இடப்பக்கம் எண்ணிக்கையை எழுதினேன், வலப்பக்கம் அந்தச் சொற்களை. போர்வை மடிப்புக்குள் அப்படி ஒரு நோட்டு இருப்பது அப்பாவைத் தவிர யாருக்கும் தெரியாது.

ஆய்வுக்குத் தருவதாகச் சொன்ன நோயாளிகளின் பதிவுகளை மருத்துவமனை கடைசி நேரத்தில் தரவில்லை. அக்கா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். நான்தான் நோட்டைக் கொண்டுபோய் அவள் மடியில் வைத்தேன்.

புரட்டிப் பார்த்தாள். "அடிப்பாவி, 'ம்'மைக்கூட விடலையா நீ?"

"'ம்'முக்கு அரைதான் போட்டிருக்கேன்."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்று முழுக்க எனக்குப் பாடம் நடத்தினாள். எண்களைப் புள்ளிகளாக வைத்தால் கோடு தானே தெரியும் என்றாள். கூட்டத்தோடு சேராமல் ஏதாவது ஒரு புள்ளி நின்றால் எடுத்த எடுப்பில் நீக்கக்கூடாது, முதலில் எண்ணியவரைப் போய்க் கேட்க வேண்டும், அதுதான் முறை என்றாள்.

நோட்டு மூன்று நாள் அவளிடம் இருந்தது. திருப்பித் தரும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒரு வரி விடாம படிச்சேன். ஒரு எண்ணையும் மாத்த மாட்டேன்டி."

மேலே ஏதாவது கேட்பாள் என்று நின்றேன். கணினியைத் திறந்துகொண்டாள்.

நான்கு மாதம் காத்திருந்தேன்.

திரையில் புள்ளிகள் மெல்ல மேலேறிக்கொண்டிருந்தன. நடுவே ஒரு சாய்கோடு. ஒரு புள்ளி மட்டும் கூட்டத்தை விட்டு வெகு உயரத்தில் நின்றது. நானூற்றுப் பன்னிரண்டாம் நாள். அறுபத்தொன்று. அதற்கு முன்னும் சரி, பின்னும் சரி, அவர் இருபதைத் தாண்டியதே இல்லை.

"அதுதான்ப்பா," என்று அவர் காதருகே சொன்னேன்.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

தேர்வாளராக வந்திருந்த அம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "அந்த ஒரு நாள் மட்டும் ஏன் தனியா நிக்குது? அன்னிக்கு என்ன நடந்தது?"

அக்கா திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"ஒண்ணும் நடக்கலை மேடம். எண்ணினவங்க தப்பா எண்ணிட்டாங்க."

"அவங்களைக் கேட்டீங்களா?"

"கேட்டேன். ஒத்துக்கிட்டாங்க."

ஒரு விசையைத் தட்டினாள். புள்ளி போய்விட்டது. கோடு கொஞ்சம் தாழ்ந்து, மிச்சப் புள்ளிகளோடு ஒழுங்காகப் பொருந்திக்கொண்டது. தேர்வாளர் தலையசைத்து எதையோ குறித்துக்கொண்டார்.

நோட்டு என் மடியில்தான் இருந்தது. எழுந்து நின்று காட்டியிருக்கலாம். நாலு பேர் முன்னால் என் பெயரைச் சொல்வதற்கே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவளிடமே நேராகக் கேட்க வாய் வராமல்தானே அன்று நோட்டைக் கொடுத்தேன். ஆய்வுக்காக இல்லை. நானூற்றுப் பன்னிரண்டாம் நாளின் வலப்பக்கத்தை அவள் படிக்க வேண்டும் என்று.

அந்த நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆரம்பித்தார் அப்பா. ஒரு சொல்லைப் பிடிக்க ஒரு நிமிடம் ஆனது. நடுவில் இரண்டு முறை சாவி வந்துவிட்டது. அதை அழி என்பதுபோல் இடக்கையை வீசினார். நான் அழிக்கவில்லை, அதையும் எண்ணினேன். வெயில் ஜன்னலை விட்டுப் போகும்வரை பேசினார். கழுத்தெல்லாம் வியர்த்துவிட்டது.

மருத்துவமனையில் அக்கா அவரைக் கேட்டாளாம், சின்னவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிடலாமா என்று.

வேண்டாம் என்று தலையசைத்தாராம்.

திரும்பவும் கேட்டாளாம். வேண்டாம் என்றாராம். மூன்றாவது முறை, எழும்பிய இடக்கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வேண்டாம் என்றாராம்.

அக்கா அடுத்த படத்துக்குப் போயிருந்தாள். அப்பா புள்ளி இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து ஊன்றுகோலைத் தேடி எடுத்தார். நாற்காலி கிறீச்சிட்டது. அக்காவின் பேச்சு பாதியில் நின்றது.

"அப்பா," என்றாள்.

கோல் தரையில் தட்டத் தட்ட, அவள் பக்கம் திரும்பாமல், கதவைத் தோளால் தள்ளித் திறந்து, அவர் வெளியே போனார்.