தேடுபெட்டியின் முற்றோதல்

கணினிக் கட்டளைகளைத் தொகுத்துவைத்த மென்பொருள் நூலகம் ஒன்றுக்கு இயந்திரமே எழுதிய விளக்கநூல் இருந்தது. எண்ணூறு பக்கங்கள், அனைத்தும் அகரவரிசை. அதன் கடைக்கோடியில் 'வெளிசீவி' என்னும் சிறு கட்டளை குடியிருந்தது. எழுத்துகளுக்கு முன்னும் பின்னும் ஒட்டிய வீண் இடைவெளியை நீக்குவது அதன் தொண்டு. ஒருவரும் அதை நாடி வரவில்லை. இம்மாதமும் எவரும் பயன்படுத்தாவிடில் நீக்கப்படும் என்று அதன்மேல் அறிவிப்பும் விழுந்துவிட்டது.

அவ்வேளையில் விளக்கநூலின் முகப்பில் தேடுபெட்டி ஒன்று வந்து அமர்ந்தது.

"நீ எதற்கப்பா? என்னிடம்தான் வரிசை இருக்கிறதே!" என்றது விளக்கநூல்.

"பாசுரத்தின் முதலடி தெரிந்தவருக்கு வரிசை போதும், ஐயா. நடுவடி மட்டும் நெஞ்சில் நிற்பவர் எங்கே போவார்?"

"சரி, கட்டளைகளின் பெயர்களை மட்டும் படித்துக்கொள். அது போதும்."

வெளிசீவி தேடுபெட்டியிடம் பதறியது. "அண்ணா, என் பெயர் எனக்கே வாயில் நுழையாது. அதை யார் தட்டப்போகிறார்கள்? என் விளக்கத்தையும் படியுங்கள்!"

"எண்ணூறு பக்கமுமா படிப்பாய்?" என்று நகைத்தது விளக்கநூல்.

"முற்றோதாமல் முகப்பில் அமர எனக்கு என்ன தகுதி?" என்ற தேடுபெட்டி, ஒரு வரி விடாமல் ஓதி முடித்தது.

மறுநாள் ஒருவர் 'இடைவெளி நீக்க' என்று தட்டினார். வெளிசீவி முதலாவதாக வந்து நின்றது. மாலைக்குள் நாற்பது பேர் அதை அழைத்தார்கள், அறிவிப்பு அகன்றது.

விளக்கநூல் வெளிசீவியைக் கண்டு திகைத்தது. "குழந்தாய், நீ எப்போது இங்கே வந்தாய்?"

"தாங்கள் எழுதப்பட்ட நாள்முதல் தங்களுக்குள்தான் இருக்கிறேன், ஐயா."