மலைத்தேன்

நஜ்முதீன் அதைத் தூக்கிக் காட்டியிருக்க வேண்டாம்.

மட்டாஞ்சேரியில் படகேறியதிலிருந்து செய்தித்தாள் சுற்றிய ஹார்லிக்ஸ் குப்பியை மடியில் வைத்து, கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டுதான் இருந்தான். அப்படியே வாயை மூடிக்கொண்டு எர்ணாகுளம் போய்ச் சேர்ந்திருக்கலாம். எதிரே உட்கார்ந்திருந்த வீரபாண்டி, பஜாரில் மூட்டை தூக்குகிறவன், சும்மா இராமல் என்ன பாய் இப்படிப் பொத்தி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டான். கேள்வி என்று ஒன்று வந்துவிட்டால் நஜ்முதீனுக்கு நாக்கு நிற்காது.

"அசல் மலைத்தேன். பாக்கிறியா?"

சொன்ன வாயோடு குப்பியை அவன் மூக்குக்கு நேரே உயர்த்தினான். அந்த நேரம் பார்த்துப் படகு ஐலண்டுத் துறையில் இடித்தது.

குப்பி பலகையில் விழுந்து உடைந்தது. படகின் அந்தப் பக்கம் ஒரு நொடியில் காலியானது. தேன் அல்ல என்பது மூக்குள்ள எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

அது அவன் மனைவி சுல்ஃபத்தின் மலம். எர்ணாகுளத்து டாக்டரம்மாவின் சோதனைக்குப் போய்க்கொண்டிருந்தது.

கல்யாணமான மறுவருஷமே அவளுக்குப் பெருங்குடலில் புண். முதலில் அதற்குச் சீதபேதி என்று பெயர் வைத்து, தெருவில் வாயிருந்தவர்கள் எல்லாரும் மருந்து சொன்னார்கள். ரத்தம் ரத்தமாகப் போயிற்று. தங்கிய கரு இரண்டும் அதோடு போயின. டாக்டரம்மாவின் மாத்திரையில் புண் ஒருவழியாக அடங்கிய பிறகு வயிற்றில் தங்கியது இது. ஏழாம் மாதம்.

போன வருஷம் கேரளமே பிறந்துவிட்டது, என் வீட்டில் ஒரு குஞ்சு பிறக்காதா என்று தான் வேலை பார்க்கும் சுக்குக் கிடங்கில் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தான்.

டாக்டரம்மா நாலாம் மாதமே கறாராகச் சொல்லியிருந்தாள். இவள் படகில் ஆடிக்கொண்டு வர வேண்டாம், வீட்டிலேயே படுத்திருக்கட்டும், வாரா வாரம் குப்பி மட்டும் வரட்டும். அதில் ரத்தம் கண்டால் நான் காத்திருக்க மாட்டேன். பிள்ளையை எடுத்துவிடுவேன், தாயாவது மிஞ்சட்டும்.

அதைக் கேட்டபோது சுல்ஃபத் டாக்டரம்மாவைப் பார்க்கவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் தலையாட்டினான்.

அன்றிலிருந்து தினமும் விடிந்ததும் அவளிடம் கேட்பான், ரத்தம் உண்டா என்று. அவளும் அவனுக்குச் சளைத்தவள் இல்லை. கொசுவுக்கே என்னிடம் சொட்டு ரத்தம் கிடைக்கவில்லை, கோபித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது என்பாள். ஆள் வெளுத்துத்தான் இருந்தாள். கக்கூசில் ஓயாமல் சாம்பிராணி போட்டாள். தன் துணிகளை யாரையும் தொடவிடாமல் தானே அலசினாள். பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆயிரம் கிறுக்கு இருக்கும் என்று அவன் விட்டுவிட்டான். குப்பிதான் வாரந்தோறும் நல்ல சேதி கொண்டுவந்ததே.

படகுக்காரன் மலையாளத்தில் அவன் பரம்பரையை விசாரித்துக்கொண்டிருந்தான். நஜ்முதீன் காதில் விழவில்லை. குப்புறக் குனிந்து, கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே, ஒரு சிவப்பு இழை தென்படுகிறதா என்று தேடிக்கொண்டிருந்தான்.

இல்லை. கெட்டியாக, பழுப்பாக, ஆரோக்கியத்தின் அடையாளமாகக் கிடந்தது. அவன் ஆயுளில் அவ்வளவு அழகான ஒன்றைப் பார்த்ததில்லை.

தோள் துண்டை எடுத்துச் சிரித்துக்கொண்டே துடைத்தான். பாய்க்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று வீரபாண்டி இன்னும் இரண்டடி தள்ளிப் போய் நின்றான்.

அடுத்த படகில் வீடு திரும்பினான். வீட்டோடு இருக்கும் அவன் தங்கை ஷரீஃபா மீன் வாங்கப் போயிருந்தாள். சுல்ஃபத் பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து தேன் கதை முழுவதையும் சொன்னான், படகுக்காரனின் குரலிலேயே. அவள் சிரித்தாள். சிரிக்கும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

சோதனையே வேண்டாம், நானே என் கண்ணால் பார்த்துவிட்டேன், பத்தரை மாற்றுத் தங்கம் என்றான். ஆனாலும் டாக்டரம்மா திட்டுவாள், இன்னொரு குப்பி கழுவித் தருகிறேன், மத்தியானப் படகைப் பிடித்துவிடலாம்.

சுல்ஃபத் சிரிப்பை நிறுத்தினாள். ஷரீஃபா வரட்டும் என்றாள்.

இதற்குமா துணைக்கு ஆள் வேண்டும் என்றான் அவன்.

அவள் உதட்டை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். துடைத்த பிறகும் உதட்டில் நிறம் வரவில்லை. தெருவில் மீன்காரன் கூவிக்கொண்டு போனான். கொல்லைப் பக்கமிருந்து சாம்பிராணி வாசம் வந்தது. காலையிலேயே யாரோ போட்டிருக்கிறார்கள்.

வாராவாரம் குப்பியைத் தன் கையில் கொண்டுவந்து கொடுத்தது யார் என்று நஜ்முதீன் யோசித்துப் பார்த்தான். ஒவ்வொரு முறையும் ஷரீஃபாதான். தலையைக் குனிந்துகொண்டு. கூச்சம் என்று நினைத்திருந்தான்.

அப்போ உனக்கு, என்று தொடங்கினான். மேலே வரவில்லை. விகடம் ஏதாவது வரும் என்று வாயைத் திறந்தே வைத்திருந்தான்.

அவள் அவன் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்தாள். உள்ளே ஒரு உதை.

"பெருநாள்லேருந்து ரத்தம் நிக்கல."

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டான்.

"அன்னைக்கு டாக்டரம்மா பிள்ளைய எடுத்துருவேன்னு சொன்னப்போ, நீங்க தலையாட்டிட்டீங்க."