முந்திரிக்கு இருட்டு வேண்டும்

பகல் பதினொரு மணிக்கு, சுவருக்கு அந்தப் பக்கம், என் கணவரும் மகளும் முந்திரிக்கு ஒளிந்துகொள்ள இடம் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

முந்திரி ஒரு ஹாம்ஸ்டர். உள்ளங்கை அளவு. வறுத்த பருப்பின் நிறம். வீட்டுக்கு வந்து எட்டு நாள் ஆகிறது. அத்தை, அதாவது என் மாமியார், அதை எலி என்றுதான் சொல்வார்.

நான் இரவெல்லாம் அனல்மின் நிலையத்தின் கண்ட்ரோல் ரூமில் திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, காலை ஆறரைக்கு வந்தேன். சனிக்கிழமை. வீடு தூங்கிக்கொண்டிருந்தது. பூட்டைச் சத்தமில்லாமல் திறந்தேன். விளக்கைப் போடவில்லை. அவர்களிடம் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருந்தது. எழுப்ப மனம் வரவில்லை. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன்.

ஏழரைக்கு மிக்ஸி ஓடியது.

எட்டரைக்கு டிவி.

பத்து மணிக்கு காலிங் பெல். கேஸ்காரர். சிலிண்டருக்கான ஓடிபி எண் என் போனுக்குத்தான் வரும்.

"அம்மா, தூங்குறியா?"

இசைப்பிரியா என்னை எப்போதும் இப்படிக் கேட்டுத்தான் எழுப்புவாள். அந்தக் கேள்விக்கு இல்லை என்று மட்டும்தான் பதில் சொல்ல முடியும்.

இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் அட்டைப்பெட்டி நிராகரிக்கப்பட்டது.

"கடிச்சுப் போட்ரும்டா" என்றார் என் கணவர் பிரவீன்குமார்.

"பிளாஸ்டிக் வீடு?"

"இந்த வெயிலுக்கா? உள்ளயே வெந்துரும்."

தேங்காய்ச் சிரட்டையின் விளிம்பு கீறிவிடுமாம். அதற்காக உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். அந்தச் சத்தத்தையும் கால் மணி நேரம் கேட்டேன். கடைசியில் அத்தையின் உப்புக் கலயம் தேர்வானது. படுக்கவைத்தால் குளுமை. திரும்பிப் படுக்க இடம் உண்டு.

"கைய விட்டுப் பாரு, எங்கயாவது சொரசொரப்பா இருக்கா?"

"இல்லப்பா. எங்க வைக்கலாம்?"

"ஹால்ல டிவி. கிச்சன்ல மிக்ஸி. பகல்ல தூங்குற ஜீவன்டா அது. தூக்கத்துல எழுப்புனா ஆயுசே கொறஞ்சிரும்."

பதினொரு வருடமாக நான் நைட் ஷிஃப்ட் பார்க்கிறேன். அவரிடம் இப்படி ஒரு குரல் இருப்பது எனக்குத் தெரியாது.

கோபம் வந்தால் தூக்கம் போய்விடும் என்பதால் கோபப்படாமல் படுத்திருக்கப் பழகியிருந்தேன். அந்தப் பழக்கம் அன்று உதவவில்லை.

நைட் ஷிஃப்ட் தூக்கம் என்றால் என்னவென்று தெரியாதவர்கள் இந்த ஊரில் கிடையாது. மாமனார் நிலக்கரி மைன்ஸில் நைட் ஷிஃப்ட் பார்த்த காலத்தில், அவர் படுத்ததும் காலிங் பெல் சுவிட்சை அணைத்துவிடுவார்களாம். தெருப் பிள்ளைகள் பந்தை எடுத்துக்கொண்டு அடுத்த பிளாக்குக்குப் போய்விடுமாம்.

"அவுக படுத்திருந்தா நாங்க கரண்டியக்கூடச் சத்தமில்லாமத்தான் வைப்போம்" என்று அத்தை பெருமையாகச் சொல்வார். மிக்ஸியை ஓடவிட்டுக்கொண்டே சொல்வார்.

இந்தக் குவார்ட்டர்ஸ் என் பெயரில் கிடைத்தது. இங்கேயும் வாசல் கதவுக்கு மேலே பெல் சுவிட்ச் இருக்கிறது. எனக்காக அதை யாரும் அணைத்ததில்லை. அணைத்துவிட்டுப் படுக்கலாமே என்று எனக்கும் ஒருநாளும் தோன்றியதில்லை. அதை நினைத்தபோது என்மேலும் ஆத்திரமாக வந்தது.

கதவு தட்டப்பட்டது.

"அம்மா, தூங்குறியா?"

"இல்ல."

கலயத்தை மார்போடு அணைத்தபடி நின்றாள். பின்னால் கூண்டைத் தூக்கிக்கொண்டு அவர். கூண்டின் மூலையில் பஞ்சுக் குவியல். அதற்குள் முந்திரி தூங்குகிறது, யாரும் கை வைக்கக் கூடாது. சாயங்காலம் எழுந்து அதுவாகவே கலயத்துக்குள் போய்க்கொள்ளுமாம்.

"உன் ரூம்தாம்மா நல்லா இருட்டு. இங்க வைக்கட்டுமா?"

அந்த இருட்டு, திரைச்சீலைக்குப் பின்னால் பழைய போர்வையை வைத்து நான் தைத்துக்கொண்டது.

காலையில் சொல்லாமல் விட்டதை அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். இருவர் முகத்திலும் அத்தனை கவலை. பஞ்சு அசைந்துவிடக் கூடாதென்று அவர் மூச்சைக்கூட மெல்ல விட்டுக்கொண்டிருந்தார்.

"வைங்க" என்றேன்.

வெளியே போய்க் கதவை ஓசையில்லாமல் சாத்தினார்கள். டிவி நின்றது. "தொவையல் ராத்திரிக்கு அரைச்சுக்கிடுதேன், எலி தூங்கட்டும்" என்று அத்தை கிசுகிசுத்தார்.

பிறகு, வாசல் பக்கம், டக் என்று ஒரு சின்னச் சத்தம்.

பெல் சுவிட்ச்.

ஐந்து மணி வரை தூங்கினேன்.

எழுந்து ஹாலுக்குப் போனேன். யாரும் இல்லை. மூவரும் வராண்டாவில் ரகசியக் குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

டிவிக்குப் பக்கத்தில், பெல்லுக்கு நேர் கீழே, ஷூ ரேக். காலையில் நான் சாத்திய வலைக்கதவு சாத்தியபடியே இருந்தது. திறந்து, தேய்ந்துபோன என் பழைய சேஃப்டி ஷூவுக்குள் கையை விட்டேன்.

வெதுவெதுப்பாக இருந்தது.

உள்ளே, இரும்பு வைத்த முனைப் பக்கம், கடித்துக் குதறிய சாக்ஸுக்கு நடுவில், ஆறரை மணிக்கு நான் பார்த்தபோது எப்படிச் சுருண்டு கிடந்ததோ அப்படியே கிடந்தது முந்திரி. மிக்ஸி, டிவி, பெல், கேஸ்காரர், எதுவும் அதை எழுப்பியிருக்கவில்லை.

அதை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு என் அறைக்குப் போய், கூண்டுக்குள் இருந்த கலயத்தில் விட்டேன். இரவு யாரோ சரியாக மாட்டாமல் விட்ட கூண்டின் கொக்கியை அழுத்தி மாட்டினேன்.

அதன் பிறகுதான் மகளைக் கூப்பிட்டேன்.

இந்தச் சுற்றில் எனக்கு இன்னும் நான்கு நைட் ஷிஃப்ட் இருக்கிறது.