மாயன் கோபுரத்தடியில் ஒரு ஜோடிச் செருப்பு

வெளிநாட்டுக் கடற்கரை விடுதியில் கொடுத்த தாளில், விடுமுறையில் செய்ய வேண்டியவை என்று ஒன்பது இருந்தன. ஆமையோடு நீந்தி, வலைத்தூளியில் படுத்து இளநீர் குடித்து, ஏழாவதான, மாயன் என்ற பழங்குடியினர் எப்போதோ கட்டிய இடிபாட்டுக்குக் குற்றாலிங்கமும் அவர் மனைவி வடிவும் வந்து சேர்ந்தபோது உச்சிவெயில். படிப்படியாக உயர்ந்த கல்கோபுரத்தைப் பார்த்ததுமே வடிவு செருப்பைக் கழற்றிவிட்டாள்.

“இது கோயில் இல்ல வடிவு. இடிஞ்ச கட்டடம்.”

“சாமி இருந்த இடந்தானே? கழட்டுங்க.”

ஊரில் அவள் கோயிலுக்குள் போனால் வாசலில் நின்று பேப்பர் படிக்கிறவர் அவர். முணுமுணுத்துக்கொண்டே, நேற்று வாங்கிய தோல்செருப்பை அவள் செருப்புக்குப் பக்கத்தில் விட்டார். கால் பொரியப் பொரிய மூன்று சுற்று வந்தார்கள்.

திரும்பினால் அங்கே நாற்பது ஜோடி கிடந்தது. இதுதான் இங்கே முறை போலும் என்று நினைத்த சுற்றுலாக்காரர்கள் வெறுங்காலில் துள்ளித் துள்ளிக் கோபுரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். பதினோரு வருடமாக அங்கே நிற்கும் காவலாளி, குழப்பத்தோடு தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வடிவின் செருப்பு விட்ட இடத்தில் இருந்தது. தோல்செருப்பைக் காணோம். குற்றாலிங்கம் குனிந்து இரண்டு முறை தேடினார்.

“இப்பவாவது நம்புறீங்களா, இது கோயில்தான்னு?” என்றாள் வடிவு.

சுடுமணலில் ஒற்றைக்காலில் நின்றபடி அவர் கோபுரத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, மெதுவாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.